நடுக்கடலில் உடம்புக்கு முடியாவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

கப்பல் படிப்பு முடித்த பிள்ளைகள் தூத்துக்குடியிலிருந்தும் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்தும் என்னிடம் பேச வருவார்கள். எந்தக் கம்பெனி நல்லது, டேங்கரா பல்க் கேரியரா, கான்ட்ராக்ட் ஆறு மாதமா ஒன்பது மாதமா, கைக்கு எவ்வளவு டாலர் வரும் என்றெல்லாம் விவரமாகக் கேட்பார்கள். நடுக்கடலில் உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வது, சம்பளம் வராமல் நின்றால் யாரிடம் சொல்வது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேப்டனுக்கும் சீஃப் மேட்டுக்கும் அடுத்த அதிகாரியான செகண்ட் மேட்டாகப் பல வருடம் ஓடி, கப்பலின் மருந்துச் சாவியையும் சேர்த்துச் சுமந்தவன் என்பதால், அவர்கள் கேட்காத அந்தக் கேள்விக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சரக்குக் கப்பலில் டாக்டர் கிடையாது. 100 பேரோ அதற்கு மேலோ இருந்து, மூன்று நாளுக்கு மேல் பன்னாட்டுப் பயணம் போகும் கப்பலில்தான் டாக்டர் கட்டாயம். இருபது, இருபத்தைந்து பேர் ஓட்டுகிற கப்பலில் பெரும்பாலும் செகண்ட் மேட்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். கரையில் கொஞ்சநாள் பயிற்சி, ஊசி போடவும் தையல் போடவும் பழக்கம், அலமாரியில் உலக சுகாதார நிறுவனமும், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவும், பன்னாட்டுக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவும் சேர்ந்து கொண்டுவந்த மருத்துவக் கையேடு. இவ்வளவுதான் கைவசம்.

ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து சூயஸ் நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் ஃபிட்டர் ராமநாதபுரத்துக்காரர், என்னைவிட மூத்தவர். மற்றவர்கள் முன்னால் என்னை "செகண்ட் சார்" என்பார். தனியாக இருந்தால் தம்பிதான். இரவு வாட்ச், அதாவது என் வேலை முறை, முடிந்து கீழே வந்தபோது அவர் கேபின் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் வலது முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தார்.

"ஒண்ணும் இல்ல தம்பி, வாயுதான். ராத்திரி கடலை தின்னுட்டேன். கேப்டன்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க."

"எப்போதிலிருந்துண்ணே வலி?"

"மத்தியானத்துலருந்து. மொதல்ல தொப்புளைச் சுத்தி வலிச்சுது. இப்ப இந்தப் பக்கம் எறங்கியிருக்கு."

வலி தொப்புளிலிருந்து வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கியது என்று அவரே சொல்லிவிட்டார். அந்த இடத்தை மெல்ல அழுத்திச் சட்டென்று கையை எடுத்தேன். அழுத்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், எடுத்தபோது கத்திவிட்டார். காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டியிருந்தது. கேப்டனை எழுப்பினேன்.

சாட்டிலைட் போனில் 32 என்று ஒரு குறுக்கு எண் இருக்கிறது, மருத்துவ ஆலோசனைக்கு. நோயாளியைக் கப்பலிலிருந்து எடுத்துப்போக உதவி வேண்டுமானால் 38. கப்பலை ஓட்டும் இடமான பிரிட்ஜில் வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் இந்த இரண்டு எண்ணும் மனப்பாடமாக இருக்க வேண்டும். அட்மிரால்டி ரேடியோ சிக்னல் பட்டியல் என்ற குறிப்பு நூலின் முதல் தொகுதியில் எந்த நாட்டில் எந்த மையம் மருத்துவ ஆலோசனை தருகிறது என்ற விவரமும் உண்டு. அன்று கேப்டன் ரோம் மையத்தைக் கூப்பிடச் சொன்னார். அவருக்கு அதில் முன் அனுபவம் இருந்தது.

ரோமில் இருக்கும் அந்த மையத்தின் பெயர் சென்ட்ரோ இன்டர்நாசியோனாலே ராடியோ மெடிக்கோ. கப்பல்காரர்கள் சிஐஆர்எம் என்பார்கள். குய்தோ குய்தா என்ற இத்தாலிய டாக்டர் 1935 இல் தொடங்கினார். முதல் தலைவராக இருந்தவர் வானொலிக்குப் பெயர்போன மார்க்கோனி. எந்த நாட்டுக் கொடி பறந்தாலும், எந்த நாட்டுக்காரன் படுத்திருந்தாலும், உலகத்தின் எந்தக் கடலில் இருந்தாலும் காசு வாங்காமல் இரவு பகல் ஆலோசனை தருகிறார்கள். இந்தியப் பெருங்கடலில் படுத்திருக்கும் ஒரு ஃபிட்டருக்காக ரோமில் ஒரு டாக்டர் தூக்கம் விழித்து உட்கார்ந்திருப்பது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

அங்கே பேசும்போது "சார், ரொம்ப வலிக்கிறது என்கிறார்" என்று சொல்லிப் பயனில்லை. வயது, எடை, காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், வலி எப்போது தொடங்கி எங்கே நகர்ந்தது, வாந்தி உண்டா, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கப்பலில் கையிருப்பில் என்ன மருந்து, இப்போது எங்கே இருக்கிறோம், பக்கத்துத் துறைமுகத்துக்கு எத்தனை மணி நேரம் என்று வரிசையாகக் கேட்பார்கள். முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போனை எடுத்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நான் எழுதி வைத்திருந்தேன். அப்பெண்டிசைடிஸாக இருக்கலாம், வாய்வழியாக எதையும் கொடுக்க வேண்டாம், இந்த ஆன்டிபயாடிக் ஊசியை இந்த அளவில் இத்தனை மணிக்கு ஒருமுறை போடு, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கரையில் இறக்கு என்று சொன்னார்கள். அதையே ஈமெயிலாகவும் அனுப்பினார்கள்.

அந்த ஈமெயில்தான் அவரைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன். விடிந்ததும் கம்பெனியின் கரை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஊசிக்குக் கேட்கிறதா பாருங்கள், அடுத்த துறைமுகம் வரை தாங்குமா பாருங்கள் என்றார் ஒருவர். பாதை மாற்றினால் எண்ணெய்ச் செலவு, நாள் இழப்பு, சரக்குக்காரன் தகராறு. கேப்டன் அவரிடம் வாதம் செய்யவே இல்லை. ரோமிலிருந்து வந்த ஈமெயிலை அப்படியே அலுவலகத்துக்கு அனுப்பி, "டாக்டர் சொல்வது இது. தாமதிக்கச் சொல்வதானால் அதையும் எழுத்தில் அனுப்புங்கள்" என்று ஒரே வரி எழுதினார். அப்புறம் போன் வரவில்லை. காலிக்குத் தெற்கே படகு வந்து ஃபிட்டரை ஸ்ட்ரெச்சரோடு இறக்கிக்கொண்டு போனது. இலங்கையின் தென்முனையை ஒட்டிப் போகிற கப்பல்களுக்குக் காலி துறைமுகத்துப் படகுகள் இப்படி எத்தனையோ முறை கை கொடுத்திருக்கின்றன. அன்றே அறுவை சிகிச்சை முடிந்தது.

வெளியில் இருக்கும் ஒருவர், கம்பெனியிடம் சம்பளம் வாங்காத ஒருவர், எழுத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டால் கப்பலுக்குள் இருக்கிற சின்ன ஆளுக்கும் பலம் வந்துவிடுகிறது. சம்பளப் பிரச்சினை, சாப்பாட்டுப் பிரச்சினை, மனக்கஷ்டம் என்று பின்னால் பார்த்த எல்லாவற்றிலும் இதுவேதான் நடந்தது. கடலோடிகளுக்கு உதவும் பன்னாட்டு அமைப்புகள் எதற்கும் கப்பலுக்குள் நேரடி அதிகாரம் இல்லை. அவர்கள் கேட்கிற கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதால்தான் கம்பெனிகள் அசைகின்றன.

ஃபிட்டர் ஊருக்கு வந்த பிறகும் கதை முடியவில்லை. குணமாகும்வரை வைத்தியச் செலவு முதலாளியுடையது. உள்நாட்டுச் சட்டம் அதற்கு ஒரு வரம்பு வைக்கலாம், ஆனால் 16 வாரத்துக்குக் குறையக் கூடாது என்று எம்எல்சி சொல்கிறது. எம்எல்சி என்பது 2006 இல் ஐஎல்ஓ கொண்டுவந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015 இல் ஏற்றுக்கொண்டது. இது தெரியாததால் ஃபிட்டர், ஏஜென்ட் நீட்டிய தாளில், எல்லாப் பாக்கியும் தீர்ந்தது என்று கையெழுத்துப் போடவிருந்தார். தையல்கூடச் சரியாக ஆறவில்லை. யூனியன்காரர் ஒருவரிடம் அந்தத் தாளைப் படித்துக் காட்டிய பிறகு பேச்சு மாறியது, நோய்க்காலச் சம்பளமும் வந்தது. கட்டுப் பிரிக்கும் முன்னால் கணக்கு முடிக்கிற தாள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பதை மெடிக்கலில் மறைத்துவிட்டுக் கப்பலேறுகிறவர்கள் நிறையப் பேர். கான்ட்ராக்ட் போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நடுக்கடலில் மயங்கி விழுந்தவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்கும்போது செகண்ட் மேட்டுக்குத் தெரியாவிட்டால் அந்த ஆலோசனையே பாதியாகிவிடும். கட்டுப்பாட்டில் இருக்கிற சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் பெரும்பாலும் தகுதிச் சான்று கிடைக்கிறது. சொல்லிவிட்டு, கான்ட்ராக்ட் முழுவதற்கும் கொஞ்சம் கூடுதலாகவே மாத்திரை எடுத்துப் போங்கள்.

உடம்பு நோயைவிட மனநோவுதான் கப்பலில் கண்டுபிடிக்கக் கஷ்டம். கொரோனா காலத்தில் ஆள் மாற்றம் நின்றுபோய், உச்சத்தில் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் கான்ட்ராக்ட் முடிந்தும் இறங்க முடியாமல் கப்பல்களில் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் கப்பலிலும் அந்த நிலைதான். எங்களோடு ஒரு கேடட், அதாவது பயிற்சி அதிகாரி, இருந்தான், அவனுக்கு முதல் கப்பல். சாப்பாட்டு நேரத்தில் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்தினான். கேட்டால் பசி இல்லை என்பான். ஓய்வு நேரத்தில் பின்பக்க டெக்கில் தனியாக நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பான். டெக் ஆட்களுக்குத் தலைவரான போசன்தான் முதலில் கவனித்து என்னிடம் சொன்னார்.

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் கப்பலைக் கட்டியபோது யாரும் கரையிறங்கக் கூடாது, யாரும் மேலே வரவும் கூடாது. கடலோடிகளுக்கு உதவும் ஸ்டெல்லா மாரிஸ் அமைப்புக்காரர் ஒருவர், கப்பலில் ஏறி இறங்கும் படியான கேங்வே அடியில் நின்று சிம் கார்டுகளும் சாக்லேட்டும் கம்பளித் தொப்பிகளும் உள்ள பையை வைத்துவிட்டு, எட்டப் போய் நின்று, "யாருக்காவது பேச வேண்டுமா?" என்று கேட்டார். கேடட்டை அழைத்துக்கொண்டு வந்து கேங்வே மேல்படியில் உட்கார வைத்தேன். அவர் கீழே, இவன் மேலே. அரை மணி நேரம் கத்திக் கத்திப் பேசினார்கள், கிரிக்கெட், அம்மா, பரீட்சை என்று. அப்புறம் அவர் ஒரு எண்ணைக் கொடுத்தார், சீஃபேரர்ஹெல்ப் என்ற உதவி எண்.

அதை நடத்துவது இஸ்வான் என்ற பன்னாட்டு அமைப்பு. இரண்டு பழைய நலச்சங்கங்கள் 2013 இல் ஒன்றானதில் பிறந்தது. 24 மணி நேரமும் இலவசம். இந்தி உட்படப் பல மொழிகளில் பேசலாம். போனில் காசு போகும் என்றால் திருப்பிக் கூப்பிடச் சொல்லலாம், வாட்ஸ்அப்பில் எழுதலாம். நீங்கள் சம்மதிக்காமல் உங்கள் பெயரைக் கம்பெனிக்குச் சொல்ல மாட்டார்கள். எங்கள் பையன் முதலில் வாட்ஸ்அப்பில் எழுதினான், பிறகு பேசினான். நானும் கேப்டனிடம் சொல்லி இரவு வாட்சிலிருந்து அவனைப் பகலுக்கு மாற்றினோம். வீட்டுக்குப் போகும்வரை வாரம் ஒருமுறை அவர்களோடு பேசிக்கொண்டிருந்தான். இப்போது அவன் தேர்ட் மேட்.

ஸ்டெல்லா மாரிஸ் கத்தோலிக்கச் சபையின் அமைப்பு, 1920 இல் கிளாஸ்கோவில் தொடங்கியது. மிஷன் டு சீஃபேரர்ஸ் ஆங்கிலிக்கன் சபையுடையது, 1856 இலிருந்து இருக்கிறது. பறக்கும் தேவதைப் படம்தான் அவர்கள் அடையாளம். செய்லர்ஸ் சொசைட்டி இன்னும் பழையது, 1818. நம்மவர்கள் சிலர் "மதம் மாற்றப் பார்ப்பார்கள்" என்று ஒதுங்குகிறார்கள். அத்தனை வருடத்தில் ஒருவரும் என் மதத்தைக் கேட்டதில்லை. ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டிலில், மிஷன்காரர்களின் ஃபிளையிங் ஏஞ்சல் கிளப்பில் நான் கேட்டது கடைத்தெருவுக்கு வேன், அவர்கள் கொடுத்ததும் வேன்தான். கப்பலுக்கு வரும் இவர்கள் துறைமுகத்தில் எல்லாரையும் அறிந்தவர்கள். பல்வலி டாக்டர் எங்கே, ஐடிஎஃப் இன்ஸ்பெக்டர் யார் என்று அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

சம்பளப் பிரச்சினைக்கு ஐடிஎஃப்தான் முதல் பெயர். 1896 இல் தொடங்கிய பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், தலைமையகம் லண்டன். உலகம் முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட துறைமுகங்களில் அவர்களுடைய இன்ஸ்பெக்டர்கள் இருக்கிறார்கள். கூப்பிடுவதற்கு முன் சம்பளச் சீட்டு, கான்ட்ராக்ட் நகல், வேலை நேரக் குறிப்பு மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஓய்வு நேரம் 24 மணியில் குறைந்தது 10, ஏழு நாளில் 77 இருக்க வேண்டும். கப்பலின் ஓய்வுப் பதிவேட்டில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். சொந்தமாக ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், என்ன வேலை என்று எழுதி வருகிறவருடைய பேச்சுக்கு இன்ஸ்பெக்டரிடம் தனி மதிப்பு உண்டு. அந்த நாட்டுத் துறைமுக அதிகாரியிடமும், அதாவது போர்ட் ஸ்டேட் கன்ட்ரோலிடமும், புகார் கொடுக்கலாம். கொடுத்தவர் யார் என்பதை அவர்கள் ரகசியமாக வைக்க வேண்டும் என்பது எம்எல்சியிலேயே இருக்கிறது.

கப்பலைக் கைவிட்டுவிட்டு முதலாளி ஓடிவிட்டால்? இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலே, அல்லது சாப்பாடு, தண்ணீர், எண்ணெய் நின்றாலே, அல்லது ஊருக்கு அனுப்பும் செலவை ஏற்காவிட்டாலே அது கைவிடல்தான். 2014 இல் கொண்டுவந்து 2017 ஜனவரியில் நடைமுறையான திருத்தத்தின்படி, எம்எல்சிக்கு உட்பட்ட கப்பல் இதற்காகவே ஒரு நிதிக் காப்பு வைத்திருக்க வேண்டும். நான்கு மாதம் வரையான பாக்கிச் சம்பளம், சாப்பாடு, வைத்தியம், ஊர் திரும்பும் செலவு இதில் அடங்கும். அந்தச் சான்றிதழ் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில், பெரும்பாலும் மெஸ் அறைப் பலகையில், மாட்டியிருக்கும். கப்பலேறின முதல் நாளே அதைப் போட்டோ எடுங்கள். காப்பு கொடுத்த நிறுவனத்தின் பெயரும் தொடர்பும் அதில் இருக்கும். முதலாளியைக் கேட்காமல் நேராக அவர்களிடமே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இதில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் முகமது ஆயிஷா, சிரியாக்காரர். எம்வி அமான் என்ற பஹ்ரைன் கொடிக் கப்பல் 2017 ஜூலையில் எகிப்தின் அதாபியா துறைமுகத்தில் பிடிபட்டது. சீஃப் மேட்டாக இருந்த அவரைக் கப்பலின் சட்டக் காப்பாளர் என்று நீதிமன்றம் அறிவித்தது. அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டபோது அதன் பொருள் அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குப் போனார்கள், இவர் மட்டும் போக முடியவில்லை. கப்பலில் இருக்கும்போதே அம்மா இறந்துபோனார். 2020 இல் புயலில் கப்பல் நகர்ந்து கரைக்கு அருகே தட்டியபின், போனுக்கு சார்ஜ் போடவும் சாப்பாடு வாங்கவும் நீந்திக் கரைக்குப் போய் வந்தார். 2021 ஏப்ரலில், ஐடிஎஃப்பைச் சேர்ந்த எகிப்திய யூனியன் பிரதிநிதி ஒருவர் அவருக்குப் பதிலாக அந்தக் காப்பாளர் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அவர் விமானம் ஏறினார். ஏறக்குறைய நான்கு வருடம். உங்களுக்குத் தெரியாத மொழியில் இருக்கிற தாளை எந்த அதிகாரி நீட்டினாலும், ஐடிஎஃப்புக்கோ தூதரகத்துக்கோ போட்டோ அனுப்பிக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கொரோனா காலத்தில் நோயாளிகளைக் கூடக் கரையிறக்க மறுத்த துறைமுகங்கள் இருந்தன. அந்தக் கசப்பிலிருந்துதான் எம்எல்சியின் 2022 திருத்தங்கள் வந்தன, 2024 டிசம்பரில் நடைமுறையாயின. உடனடிச் சிகிச்சை தேவைப்படுகிறவரைத் தாமதமின்றி இறக்கி மருத்துவமனை சேர்க்க வேண்டும் என்பது அதில் ஒன்று. நல்ல குடிதண்ணீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும், வீட்டோடு பேச வசதி வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. ஃபிட்டருக்கு நடந்ததுபோல இனி ஒருவருக்கு நடந்தால் கேப்டன் காட்ட இன்னொரு தாள் இருக்கிறது.

ஆனால் இதெல்லாம் எல்லாருக்கும் இல்லை, இது எனக்கு ஆறாத வருத்தம். மீன்பிடி படகுகளும் பழைய முறையில் கட்டிய தோணிகளும் எம்எல்சிக்கு வெளியே நிற்கின்றன. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிப்போகிற தோணிக்காரருக்கு இந்தச் சான்றிதழ் பலகை கிடையாது. வளைகுடாவில் அரபி முதலாளியிடம் மீன்பிடிக்கப் போகும் குமரி, ராமநாதபுரத்துப் பிள்ளைகளுக்கும் கிடையாது. மீன்பிடித் தொழிலுக்கென்று 2007 இல் ஐஎல்ஓ தனி உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. ஏற்க வேண்டும் என்று கடற்கரை ஊர்க்காரர்கள் எல்லாரும் கேட்க வேண்டும். அதுவரை அவர்களுக்கும் ஸ்டெல்லா மாரிஸ் போன்ற அமைப்புகளின் கதவு திறந்துதான் இருக்கிறது. எந்தப் படகு என்று பார்த்து அவர்கள் உதவுவதில்லை.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஏஜென்டுக்கு ஆர்பிஎஸ்எல், அதாவது கடலோடிகளை வேலைக்கு அனுப்பும் உரிமம், இருக்கிறதா என்று இந்திய அரசின் கப்பல் துறை அலுவலகமான டிஜி ஷிப்பிங் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். ஏஜென்ட் காட்டுகிற தாளை நம்ப வேண்டாம். வேலை வாங்கித் தருவதற்குக் காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். மெடிக்கல் சான்று, பாஸ்போர்ட், கடலோடிப் புத்தகமான சிடிசி தவிர வேறெதற்கும் கடலோடியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது பன்னாட்டு விதி. லட்சக்கணக்கில் கொடுத்துப் போனவர்களில் பலர், பட்ட கடன் கண்முன் நிற்பதால், சம்பளம் வராதபோதும் வாய் திறப்பதில்லை.

வீட்டில் அம்மாவிடமோ மனைவியிடமோ ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போங்கள். கப்பல் பெயர், கொடி, கம்பெனி, ஏஜென்ட், கான்ட்ராக்ட் நகல், அப்புறம் முக்கியமாகக் கப்பலின் ஏழு இலக்க ஐஎம்ஓ எண். முதலாளி மாறினால் கப்பல் பெயர் மாறும், கொடி மாறும், அந்த எண் மட்டும் மாறாது. சீஃபேரர்ஹெல்ப்பை வீட்டுக்காரர்களும் கூப்பிடலாம். மகன் போன் வந்து நாளாகிவிட்டது என்று அம்மா கூப்பிடும்போது, கப்பல் இப்போது எந்தக் கடலில் இருக்கிறது என்று தேட அந்த ஏழு இலக்கம் போதும்.